பயிர்க்குறியும் ஈமக்காடும்: திருப்பெரும்பூதூர் – ஒரகடம் நிலப்பகுதி பற்றிய ஆய்வு

திருப்பெரும்பூதூர், ஒரகடம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதி தொண்டை மண்டல வரலாற்றில் இருமுறை பெயர் பெற்றது. இரண்டாம் புலிகேசியை முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் வென்ற களங்களுள் மணிமங்கலமும் ஒன்று எனக் கூரம் செப்பேடு கூறும். கி. பி. 1017 இல் இராமாநுசர் தோன்றிய ஊர் திருப்பெரும்பூதூர் என்பது வைணவ மரபு. இவ்விரு செய்திகளுக்கும் முற்பட்ட காலத்தை ஆராயப் புகுவார்க்கு எழுத்துச் சான்று மிக அருகியே கிடைக்கின்றது. அக்காலத்து மக்கள் தம் பெயரை எழுதிவைத்திலர்; தம் இறந்தோரைப் புதைத்த இடங்களையே விட்டுச் சென்றனர். அவ்விடங்களை எவ்வாறு கண்டறிவது, சிறப்பாக வானிலிருந்து எடுத்த படங்களைக்கொண்டு எவ்வளவு தூரம் கண்டறியக்கூடும் என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய செங்கற்பட்டு மாவட்டம் பெருங்கற்காலச் சின்னங்கள் செறிந்தது என்பது அறிஞர் நன்கறிந்த செய்தி. 1882 இல் இராபர்ட் சூவெல் வெளியிட்ட சென்னை மாகாணத் தொல்பொருட் பட்டியலின் முதல் தொகுதி இம்மாவட்டத்து ஊர்களை முறையே எடுத்துக்கூறிச் செல்லும்போது, பழங் கல்லறைகள் உள்ள இடங்களையும் குறித்தது. அலெக்சாந்தர் ரீ பல்லாவரத்திலும், பின்னர்ப் பெரும்பேரிலும் அகழ்ந்து, வரிசையாகக் கால்கள் அமைந்த சுடுமண் ஈமப்பேழைகளை வெளிக்கொணர்ந்தார். 1949 இல் வி. டி. கிருஷ்ணசாமி தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களின் வகைகளை வரையறுத்து அவற்றுக்கு உரிய பெயர்களை நிலைநிறுத்தினார். அதன்பின் சானூர், அமிர்தமங்கலம், குன்னத்தூர் ஆகிய இடங்களில் இந்தியத் தொல்லியல் துறையினர் நிகழ்த்திய அகழாய்வுகள் இம்மாவட்டத்து ஈமச் சின்னங்களின் அமைப்பை ஐயத்திற்கிடமின்றி விளக்கின. மேலே வட்டமாக நட்ட அல்லது கிடத்திய கற்கள். அவற்றினுள் சரளைக் குவியல். அதன்கீழ்த் தோண்டிய குழி. குழியினுள் ஈமப்பேழையோ, தாழியோ, கற்பலகைகளால் ஆன பதுக்கையோ. உடன் கறுப்பு – சிவப்புக் கலங்களும் இரும்புக் கருவிகளும். இவ்வமைப்பை உளங்கொண்டாலன்றி வான்படத்தில் தோன்றும் எந்த வட்டத்தையும் பொருள்படுத்த இயலாது.

இச்சின்னங்களை வரலாற்றுக்கு முந்தியன எனலாமோ என்ற வினா எழக்கூடும். 1947 இல் பிரமகிரியில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் அங்குள்ள பெருங்கற்சின்னங்களைக் கி. மு. 200 ஐ ஒட்டித் தொடங்குவனவாகக் கொண்டார். அக்கணக்கு இன்று நிலைபெறவில்லை. 2022 இல் மயிலாடும்பாறையிலிருந்தும், 2025 சனவரியில் சிவகளையிலிருந்தும் தமிழ்நாட்டரசு வெளியிட்ட அறிவியற் காலக்கணிப்புகள், தமிழகத்தில் இரும்பின் பயன்பாட்டைக் கி. மு. மூன்றாம், நான்காம் ஆயிரத்தாண்டுகளுக்குக் கொண்டுசென்றுள்ளன. ஒவ்வோர் ஈமக்காடும் அத்துணைப் பழமையுடையது என்று கொள்ளவேண்டுவதில்லை. பல சங்க காலம்வரை வழக்கில் இருந்தன. புறநானூற்றின் 256 ஆம் பாட்டில் ஒருத்தி, தன் தலைவனுக்கு வனையும் தாழியைத் தானும் உடன் அடங்குமாறு அகலமாக வனைய வேண்டுமெனக் குயவனை வேண்டுகின்றாள். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டப் பகுதி சுடுதல், வெறிதே இடுதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியாற் கவித்தல் என ஐவகை முறைகளையும் ஒரே ஊரில் நிகழ்வனவாகக் காட்டுகின்றது. இவ்வைந்தனுள் முதலிரண்டும் நிலத்தில் நிலையான வடு எதனையும் விடுவதில்லை. பின் மூன்றும் நிலத்தைத் தோண்டுவன. தோண்டிய நிலம் எக்காலத்தும் தோண்டாத நிலமாக மீள்வதில்லை. வான்வழி ஆய்வு முழுவதும் இவ்வொன்றன் மேலேயே நிற்கின்றது.

பயிர்க்குறி என்பது யாது?

கெட்டியான நிலத்தில் ஒரு குழியையோ அகழியையோ தோண்டிப் பின் அது மண்ணால் தூர்ந்து போயின், அவ்விடத்து மண் சுற்றியுள்ள மண்ணினும் நெகிழ்ந்தும், மக்கு மிகுந்தும், ஈரத்தை நெடுநாள் தாங்கியும் இருக்கும். அதன்மேல் வளரும் பயிரின் வேர் ஆழச் செல்லும். மழை பொய்த்த காலத்தில் ஏனைய இடத்துப் பயிர் வாடி நிறம் மாறவும், குழியின்மேல் நின்ற பயிர் மட்டும் பசுமை மாறாது ஓங்கி நிற்கும். மண்ணுக்கடியில் கற்குவையோ சுவரோ கிடப்பின் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. வேர் செல்ல இடமின்றிப் பயிர் குறுகி முன்னரே பழுக்கும். இவ்வேறுபாடுகள் தரையில் நிற்பார்க்குத் தனித்தனித் திட்டுகளாகவே தோன்றும். அரிசிமாக் கோலத்தின்மேல் ஊரும் எறும்புக்கு மாவு தெரியும், கோலம் தெரியாது. உயரச் சென்று நோக்குவார்க்கே அத்திட்டுகள் வட்டமாகவும் சதுரமாகவும் கூடி வடிவம் பெறும்.

இக்குறிகளைக் கண்டறிந்தது வானூர்திக்கு மிகவும் முந்திய செய்தி. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் காம்டன் என்ற ஆங்கில அறிஞர், ரிச்பரோ என்னுமிடத்து உரோமானியர் குடியிருப்பின்மேல் விளைந்த பயிரில் தெருக்களின் வடிவம் தோன்றுவதைக் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் இதனை ஓர் ஆய்வு முறையாக ஆக்கியவர் ஓ. ஜி. எஸ். கிராபர்டு ஆவர். முதல் உலகப் போரில் வானூர்தியில் நோட்டக்காரராகப் பணியாற்றிய அவர், 1920 முதல் பிரித்தானிய நில அளவைத் துறையில் தொல்லியல் அலுவலராக அமர்ந்து, 1924 இல் வான் அளவையும் தொல்லியலும் பற்றிய நூலை வெளியிட்டார். 1928 இல் கீலருடன் சேர்ந்து வெசக்ஸ் நாட்டு வான்படத் தொகுதியையும் வெளிக்கொணர்ந்தார். இதற்கிடையே, 1925 இல் இன்சால் என்னும் வானூர்திப் படைத் தலைவர் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே ஒரு வட்டத்தைக் கண்டார். மறு கோடையில் கோதுமைப் பயிரினூடே குழிகளின் வட்டங்கள் ஒன்றனுள் ஒன்றாகத் தெளிவுறத் தோன்றின. 1926 இல் கன்னிங்டன் இணையர் அவ்விடத்தை அகழத் தொடங்கி, மரத்தூண்கள் நட்ட குழிகள் அவை என நிறுவினர். வான்படம் கூறியதை மண்வெட்டி மெய்ப்பித்த இந்நிகழ்ச்சி, இம்முறைக்கு மதிப்பைத் தேடித் தந்தது. அண்மையில், 2018 இன் கடும் வறட்சியின்போது, அயர்லாந்தின் நியூகிரேஞ்சுக்கு அருகே ஆளில்லா வானூர்தியைச் செலுத்தியோர், அதுவரை எவரும் அறியாதிருந்த பெருவட்டம் ஒன்றைப் பயிரிற் கண்டனர். வறட்சியே இக்கலைக்கு உற்ற துணை என்பது நோக்கற்பாலது.

நம் நாட்டில் வான்படம் தொல்லியலுக்குப் பயன்பட்டமைக்கும் பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1948 இல் ஒரிசாவின் சிசுபால்கர் கோட்டையை அகழ்ந்த பி. பி. லால், தம் அறிக்கையுடன் அக்கோட்டையின் வான்படத்தையும் வெளியிட்டார். மேலே குறித்த கிருஷ்ணசாமியின் பெருங்கற்சின்னக் கட்டுரை வெளிவந்ததும் அதே பண்டைய இந்தியா இதழின் ஐந்தாம் எண்ணில்தான். ஒரே இதழில் அடுத்தடுத்து இருந்த இவ்விரண்டு பொருள்களும், வான்படமும் பெருங்கற்சின்னமும், நம்மிடையே நெடுநாள் ஒன்றோடொன்று சேரவில்லை என்பது வியப்பே.

நெல்வயலும் கொல்லையும்

ஆங்கில நாட்டு முறையை அப்படியே இங்கு எடுத்தாளலாம் என்று கருதுவார் உளர். அக்கருத்தை யாம் உடன்படோம். காரணம் நெல். பயிர்க்குறி தோன்றுதற்கு நிலத்தில் நீர்ப் பற்றாக்குறை வேண்டும். தொண்டை நாட்டு ஏரிப் பாசனத்தின் நோக்கமே அப்பற்றாக்குறை நேராமற் காப்பதாகும். மேலும் நெல்வயலைத் தொழியடித்துச் சேறாக்கும்போது, உழுமண்ணின்கீழ் நீர் இறங்காத கெட்டித் தளம் ஒன்று ஆண்டுதோறும் இறுகி உருவாகின்றது. நெல்லின் வேர் அத்தளத்தைப் பெரும்பாலும் கடப்பதில்லை. அதன்கீழ்த் தாழியே இருப்பினும் மேலே நிற்கும் பயிருக்கு அதனை அறிய வாய்ப்பில்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டமும் பயிர்செய்யும் ஏரிக்கீழ் வயல்களில் பயிர்க்குறி தேடுவது, நிறைந்த குளத்தில் அடிக்கல்லைத் தேடுவது போன்றதாம்.

மானாவாரிக் கொல்லையோ வேறு வகை. நிலக்கடலை, கேழ்வரகு, எள், கொள்ளு ஆகியன மழையொன்றையே நம்பி மேட்டு நிலத்தில் விளைவன. இங்குப் பெரும்பாலான மழையை ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்கள் தருகின்றன. தை பிறந்தபின் நிலம் விரைந்து உலரும். அவ்வுலர்ச்சியின் இடைப்பட்ட சில வாரங்களில், அஃதாவது ஓரிடம் வாடி மற்றோரிடம் வாடாத அந்நாள்களில், கொல்லையில் மட்டுமன்றி மேய்ச்சல் நிலத்துப் புல்லிலும் வேறுபாடு புலப்படும். பங்குனி முதிர்ந்தபின் அனைத்தும் ஒருசேரக் காய்ந்துவிடுமாதலின் குறியும் மறையும். உழவர் இதனை அறியாதவரல்லர். இன்ன இடத்தில் மட்டும் கடலை கருகிவிடும், கீழே கல் இருக்கின்றது என்றோ, இன்ன வட்டம் மட்டும் கோடையிலும் பசுமையாக நிற்கும் என்றோ அவர்கள் கூறும் செய்தியை, ஆய்வாளர் வான்படத்துக்கு ஒப்பான சான்றாகவே கொள்ளவேண்டும். ஊர்தோறும் சென்று இவ்வினாவை வினவுவதற்குச் செலவும் இல்லை.

திருப்பெரும்பூதூர் வட்டாரத்து நிலத்தின் இயல்பும் ஈண்டுக் கருதத்தக்கது. கிழக்கே வண்டலூர், பல்லாவரம் குன்றுகள் கருங்கல்லால் ஆயவை. மேற்கே பூதூரைச் சூழ்ந்த நிலத்தின் அடியில் பழைய களிக்கல் அடுக்குகள் உள்ளன. தாவரப் புதைபடிவங்களைத் தாங்கிய இவ்வடுக்குகள் நிலவியலாரிடையே அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றன. இவற்றின்மேல் பலவிடங்களில் செம்பூராங்கல்லும் சரளையும் போர்த்துள்ளன. 1863 மே 30 ஆம் நாள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த இராபர்ட் புரூஸ் பூட், இப்பகுதியின் நிலவியலையும் விரிவாக ஆராய்ந்தவராவர். செம்பூராங்கல்லில் தோண்டிய குழி, அதே சரளையால் மூடப்பெறின் நிறத்தால் வேறுபடாது. ஆயின் நெகிழ்ச்சியால் வேறுபடும். ஆகவே வெற்று நிலத்தில் மண்ணின் நிறத்தை நோக்குவதினும், அதன்மேல் வளரும் புல்லை நோக்குவதே இங்குப் பயன் மிக்கது.

எந்தச் சின்னம் எக்குறியைத் தரும் என்பதையும் வகுத்துக்கொள்ள வேண்டும். கற்கள் பெயர்க்கப்படாத கல்வட்டம் தன் நிழலாலேயே தெரியும். காலையிலோ மாலையிலோ எடுத்த படமாயின் மிகத் தெளிவாகத் தெரியும். கற்களை எடுத்துச் சென்று ஏரிக்கரைக்கோ பாட்டைக்கோ இட்டுவிட்ட வட்டத்தில், கல் நின்ற குழிகள் ஈர வளையமாகவும், நடுவே சரளைக் குவை உலர்ந்த திட்டாகவும் அமையக்கூடும். குவையும் உழவாற் கலைந்துபோயின், பேழை வைத்த குழி ஒன்றே நடுவில் பசும்புள்ளியாக எஞ்சும். வளையமும் புள்ளியும் ஒருங்கே அமைந்த குறியே மிக்க நம்பிக்கைக்குரியது என்பது எம் துணிபு.

ஐயக்காட்சியும் திரிவுக்காட்சியும்

அளவை நூலார் காட்சியுள் ஐயத்தையும் திரிவையும் பிரித்துரைப்பர். கம்பமோ மகனோ என நிற்பது ஐயம். கயிற்றைப் பாம்பெனத் துணிவது திரிவு. வான்படம் பார்ப்பார்க்கு ஐயத்தினும் திரிவே பெருந்தீங்கு பயப்பது. செங்கற்பட்டுச் சீமையில் வட்டமாகத் தோன்றுவன அனைத்தும் ஈமச் சின்னங்கள் அல்ல.

முதலாவது, நெற்களம். தலைமுறை தலைமுறையாக மாடுகள் வட்டமாகச் சுற்றிப் பிணையலடித்த களம், சாணமும் மண்ணும் இறுகிக் கல்லென ஆகிவிடும். அதனை விடுத்து உழுதபின்னும் பல்லாண்டுகள் அவ்விடத்துப் பயிர் குன்றியே நிற்கும், வட்டமாகவே நிற்கும். அதன் அளவும் கல்வட்டத்தின் அளவை ஒத்திருப்பது தேடுவோரை மயக்கும். வைக்கோற்போர் இட்ட இடமும் இத்தகையதே. இரண்டாவது, கிடை. ஆடுகளை மடக்கிய நிலம் எரு மிகுந்து கரும்பச்சையாகத் தோன்றும். ஆயின் அதன் ஓரங்கள் கூர்மையாக இரா. மூன்றாவது, கரிமூட்டம். சீமைக்கருவேலம் பரவிய இந்நிலப்பகுதியில், கரி சுட்ட இடங்கள் கறுத்த வட்டங்களாகக் கூட்டங்கூட்டமாகவே காணப்படும். ஆதலின் கூட்டம் ஒன்றையே சான்றாகக் கொள்வாரை இவை ஏமாற்றும். தரையில் நின்று ஒரு பிடி மண்ணை எடுத்து நோக்கின் ஐயம் தீரும். தூர்ந்த கவலைக் கிணறு, செங்கற்சூளை, கறையான் புற்று ஆகியவற்றையும் விரித்துரைக்க வேண்டா.

களத்தையும் கல்வட்டத்தையும் பிரித்தறிய எமக்குத் தோன்றும் வழி, இடத்தை நோக்குவதேயாம். களம் ஊரை அடுத்தோ வயலின் தலைமாட்டிலோ தனித்து அமையும். வண்டி செல்லும் தடம் அதனை வந்தடையும். ஈமவட்டங்கள் தனித்திருப்பது அரிது. ஒன்றற்கொன்று அளவில் ஒவ்வாதனவாய், நெருங்கியும் விலகியும், எந்தத் தடத்தோடும் தொடர்பின்றி மேட்டில் பரந்து கிடக்கும். ஒழுங்கின்மையே ஈண்டு நற்சான்று.

படங்களும் அவற்றின் எல்லையும்

இப்பகுதியின் பெருந்தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு முந்திய நிலத்தோற்றத்தைக் காட்டும் படங்களுள் ஆய்வாளர் எளிதிற் பெறத்தக்கவை, அமெரிக்கர் 1960 முதல் 1972 வரை வேவு பார்த்தற்பொருட்டு விண்ணிலிருந்து எடுத்த கொரோனா வரிசைப் படங்கள். 1995 இல் இவை மறைவு நீக்கப்பெற்றன. போர்த்தேவைக்கு எடுத்த படங்கள் மேற்காசியாவின் பழம்பாதைகளையும் மண்மேடுகளையும் கண்டறிய உதவின, நமக்கும் உதவக்கூடும். ஆயினும் மிகை எதிர்பார்ப்பு வேண்டா. அவற்றுள் சிறந்தவை தரையில் ஏறத்தாழ 1.8 மீட்டரை ஒரு புள்ளியாகக் காட்டுவன. 9 மீட்டர் விட்டமுள்ள கல்வட்டம் அப்படத்தில் ஐந்து புள்ளி அகலமே பெறும். அதன் தனிக்கற்கள் தோன்றவே மாட்டா. 2005 இல் இந்தியா ஏவிய கார்ட்டோசாட்டு–1 இன் படங்கள் 2.5 மீட்டர் அளவின. ஆகவே தனிச்சின்னத்தைக் காண விழைவார் இக்கால நுண்படங்களையோ, தாழப் பறக்கும் ஆளில்லா வானூர்தியையோ நாடவேண்டும். ஆனால் நுண்படங்கள் வந்த காலத்தில் நிலம் மாறிவிட்டது. தெளிவான படத்தில் நிலம் இல்லை. நிலம் இருந்த படத்தில் தெளிவில்லை.

அங்ஙனமாயின் கொரோனாப் படத்தாற் பயன் யாது? அது சின்னத்தைக் காட்டாது. சின்னம் இருக்கத்தக்க நிலத்தைக் காட்டும். செங்கற்பட்டு மாவட்டத்தை ஆராய்ந்தோர் அனைவரும் கண்ட உண்மை ஒன்றுண்டு. இங்குள்ள ஈமக்காடுகள் விளைநிலத்தில் அமைவதில்லை. குன்றின் அடிவாரத்திலோ, சரளை மேட்டிலோ, பெரும்பாலும் ஏரியின் அருகிலோ அமைகின்றன. வாழ்வோர் நெல்லுக்கு உரிய பள்ளத்தை இறந்தோர்க்கு ஈயவில்லை. ஆதலால் 1960 களின் படத்தில் வயல்களின் பின்னல் எங்கே தடைப்பட்டு, ஏரிக்கு மேற்புறத்து மேட்டில் வெண்மையாகவோ புதராகவோ ஒரு திட்டு விடுபட்டு நிற்கின்றதோ, அதுவே முதலில் தேடத்தக்க இடம். பயிர்க்குறி என்னும் தொடரை இந்நாட்டுக்கு ஏற்பப் பொருள் விரித்து, பயிர் இல்லாமையையும் ஒரு குறியாகக் கொள்ளவேண்டும் என்பதே எம் கருத்து.

இத்திட்டுகளுக்கு நம் வருவாய்த்துறைக் கணக்குகளில் பெயரும் உண்டு. கல்லாங்குத்து, தரிசு, மேய்க்கால் புறம்போக்கு என்பன அப்பெயர்கள். வரி மதிப்பிட வந்த அலுவலர் இது பயிருக்கு உதவாத கல் நிலம் என்று எழுதியபோது, தம்மை அறியாமலே ஒரு தொல்லியற் குறிப்பை எழுதினார் எனலாம். எல்லாக் கல்லாங்குத்தும் ஈமக்காடு ஆகாது. ஆயினும் ஊர்க்கணக்கையும் பழம்படத்தையும் ஒருங்குவைத்து நோக்கின், தேடவேண்டிய பரப்பு பெரிதும் சுருங்கும். அவ்விடத்தைப் பாண்டவர் குழி என்றோ குள்ளர் வீடு என்றோ ஊரார் வழங்குவராயின் ஐயம் மேலும் குறையும்.

தொழிற்பேட்டைகளின் நிலம்

ஈண்டுத்தான் இவ்வாய்வு ஏட்டளவில் நில்லாது விரைவு வேண்டும் ஒன்றாகின்றது. பயிருக்கு உதவாமை, மேட்டில் நீர் தேங்காமை, குடியிருப்பின்மை, அரசுக்கு உரிமையாயிருத்தல் ஆகிய பண்புகள் எவையோ, அவையே தொழிற்பேட்டைக்கு நிலம் தேடுவோர் விரும்பும் பண்புகளும் ஆகும். நஞ்சையை எடுத்தலினும் புன்செய்த் தரிசை எடுத்தல் முறையென்று அனைவரும் ஒப்புவர், யாமும் ஒப்புகின்றோம். ஆயின் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஈமக்காடுகளைக் கலப்பையினின்று காத்த அதே தகுதி, இன்று அவற்றை மண்வாரி எந்திரத்தின்முன் கொண்டுவந்து நிறுத்தியுள்ளது.

மாற்றத்தின் விரைவைச் சில ஆண்டுகளாற் காணலாம். 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் சீருந்து உற்பத்தி தொடங்கிற்று. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலையும், 2012 இல் டைம்லர் ஆலையும் திறக்கப்பெற்றன. வல்லம் – வடகால் தொழிற்பேட்டை பின்னர் எழுந்தது. மேற்கே பரந்தூர் 2022 இல் சென்னையின் இரண்டாவது வானூர்தி நிலையத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றது. ஒரு தலைமுறைக்குள் இந்நிலப்பகுதியின் முகம் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர்ப்பெயரில் மட்டும் பெருங்காடு எஞ்சியிருக்கின்றது.

இந்நிலத்தின்கீழ் இருப்பது யாது என்பதற்கு வடக்குப்பட்டு சான்றாகும். ஒரகடத்துக்கு அருகிலுள்ள இவ்வூர் மேட்டை 2022 இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். மேலடுக்குகளில் பிற்காலக் கட்டடப் பகுதியும், அணிகளும், உரோமானிய மதுச்சாடியின் ஓடுகளும் கிடைத்தன. ஆழச் சென்றபோது கற்கருவிகள் கிடைத்தன. அவற்றை அகழ்ந்தோர் இடைக்கற்காலத்தனவாகக் கொண்டனர். வடக்குப்பட்டு ஈமக்காடு அன்று. மக்கள் வாழ்ந்து புழங்கிய இடம். ஒரே மேட்டில் இத்துணைக் காலங்கள் அடுக்கியிருப்பின், அவ்வாழ்ந்தோருள் இரும்புக்காலத்தவரைப் புதைத்த இடம் எட்டாத் தொலைவில் இராது என்பது கருதலளவையாற் பெறப்படும். அதனைத் தேடுவதற்கு மேற்கூறிய முறை பயன்படும்.

சட்டம் இவ்வகையில் எவ்வளவு துணைசெய்யும்? 1958 ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பெற்ற பெருங்கற்சின்னங்கள் இம்மாவட்டத்திற் பல. 2010 இல் அச்சட்டம் திருத்தப்பெற்றபின், பாதுகாக்கப்பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடம் எழுப்பத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு. 1966 ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் இத்தகைய காப்பு அளிக்கின்றது. இவையனைத்தும் பட்டியலில் ஏறிய சின்னங்களுக்கே. கண்டறியப்படாத சின்னம் பட்டியலில் ஏறாது; பட்டியலில் ஏறாதது தடையின்றிச் சமன்செய்யப்படும். ஆகவே தேடுதல் என்பது காத்தலுக்கு முற்பட்ட செயலன்று. காத்தலின் முதற்செயலே அது. நிலம் எடுக்கும் அறிவிப்பு வெளிவந்தபின் தொடங்கும் ஆய்வு, காலத்தை நோக்கி ஓடுவதிலேயே கழியும். அறிவிப்புக்கு முன்னரே ஊர்வாரியாகக் குறித்துவைத்த நிலப்படம் இருப்பின், ஒரு பாட்டையைச் சற்றே விலக்கி அமைப்பது எவர்க்கும் அரிதன்று.

இப்பணி பல்கலைக்கழகத் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை மாணவர் கைக்கு எட்டாததும் அன்று. ஒருவர் ஓரூரை எடுத்துக்கொண்டு, அவ்வூரின் கொரோனாப் படத்தையும், நில அளவைத் துறையின் நிலப்படத்தையும், ஊர்க்கணக்கின் புறம்போக்குப் பகுதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கலாம். விடுபட்ட மேட்டைக் குறித்துக்கொண்டு, தை, மாசித் திங்கள்களில் காலையிலும் மாலையிலும் அதனை நடந்து காணலாம். தரையிற் கிடக்கும் கறுப்பு – சிவப்பு ஓடு, தடித்த பேழை ஓடு, பேழையின் உடைந்த கால், இரும்புக் கசடு ஆகியவற்றை எடுக்காமல், இருந்த இடத்திலேயே அளந்து குறிக்கவேண்டும். எடுத்துச் சென்றபின் அவ்வோடு அருங்காட்சியகத்துக்கு ஒரு பொருளே. இருந்த இடத்தில் அது ஒரு சான்று. ஆளில்லா வானூர்தியைச் செலுத்த விரும்புவோர் 2021 ஆம் ஆண்டு விதிகளின்படி வான்வெளியின் வண்ணப் பகுப்பை முன்னரே நோக்கிக்கொள்வது இன்றியமையாதது. மீனம்பாக்கமும் தாம்பரமும் சேய்மையில் இல்லை.

இம்முறைக்கு அகப்படாதன சில உண்டு என்பதையும் சொல்லவேண்டும். மேலே கல் எதுவும் இன்றி, மணற்பாங்கான நிலத்தில் குழியிற் கவித்த தனித்தாழிகள் எப்படத்திலும் தோன்றுவது அரிது. அவற்றின் வாய் ஒரு மீட்டர் அளவினதே. ஏரிக்குள் மூழ்கிய மேடுகளும் அத்தகையனவே. ஏரிகளுட் சில, ஈமக்காடு அமைந்தபின் வெட்டப்பெற்றோ கரை உயர்த்தப்பெற்றோ இருத்தல் கூடும். அங்ஙனமாயின் அவற்றின் நீர்பிடிப்பரப்பில், கோடையில் நீர் வற்றும்போது வண்டலினூடே கற்றலைகள் வெளிப்படும். பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம் போன்ற ஏரிகளின் உட்கரைகளை, நீர் முற்றும் வற்றிய ஆண்டொன்றில், படத்தின் துணையின்றிக் காலால் நடந்தே ஆராய்தல் வேண்டும்.